கறுப்புக் கிழங்கின் கடைசி வரிசை

தோட்டத்துப் படலைத் திறப்பதற்கு முன்னால் ரோசமெல் குவெந்தேயோ ஒரு தடவை தொண்டையைச் செருமுவார். சளி கிளி ஒன்றும் இல்லை. உள்ளே பெண்கள் இருப்பார்களோ என்று தயங்கும் ஆண்பிள்ளையின் செருமல் அது. செருமிவிட்டு ஒரு நொடி காத்திருப்பார். உள்ளே யாரும் இல்லை. ஜனவரியிலிருந்து யாரும் இல்லை. இருந்தாலும் காத்திருந்துவிட்டுத்தான் படலின் கயிற்றை அவிழ்ப்பார்.

அந்தத் தோட்டம் அவர் மனைவி சுனில்டாவுடையது. எங்கள் தீவில் கடல் ஆண்களுக்கு, வீட்டை ஒட்டிய தோட்டம் பெண்களுக்கு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. மீறிப் பார்த்தவனுக்குத் தெரியும். உலகத்தின் தென்கோடியில் இருக்கிற எங்களுக்கு வசந்தம் பிறக்கிற செப்டம்பரில் மண்ணைப் புரட்டிக் கொடுப்பதோடு ஆணின் வேலை முடிந்தது. எது எங்கே, எதற்குப் பக்கத்தில் எது, எந்த விதை எந்தத் துணி முடிச்சில் என்பதெல்லாம் வீட்டுக்காரியின் தலைக்குள் இருக்கும். கல்யாணமான புதிதில் ரோசமெல் ஒருநாள் பூட்ஸ் காலோடு குறுக்கே நடந்து, அப்போதுதான் முளைத்திருந்த காரட்டை மிதித்துவிட்டார். "இது என்ன கடற்கரையா, உங்க இஷ்டத்துக்கு நடக்கிறதுக்கு? வெளியில நின்னு ஒரு சத்தம் குடுத்தா வாயிலேருந்து முத்து உதிர்ந்திடுமா?" என்று சுனில்டா போட்ட கூச்சல் எதிர்க்கரை வரைக்கும் கேட்டதாம். அன்று ஆரம்பித்த செருமல்தான். கூச்சல் போட்டவள் போய்விட்டாள், செருமல் நின்றபாடில்லை.

மனுஷர் தொழிலில் கலப்பத்துக்காரர். மரப்படகின் பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில், அலெர்சே மரப்பட்டை நாரைத் திரித்து வைத்து, உளியும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலுமாக அடித்து இறுக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் செய்கிற வேலை. கடல் வற்றி, படகு மணலில் சாய்ந்து கிடக்கிற நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். ஏற்றம் வந்துவிட்டால் அதோடு சரி. குளிரில் விரல் மரத்துப்போயிருக்க, படகின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அடிப்பார். சும்மா சொல்லக்கூடாது, உளி இடுக்கை விட்டு விலகிப் பலகையில் ஒரு கீறல் விழுந்ததை யாரும் பார்த்ததில்லை. எங்கள் கரையில் யாராவது சத்தியம் செய்கிற மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், "ரோசமெல் கை மாதிரி, தவறாது" என்பார்கள்.

அடித்து முடித்த பிறகு கொட்டாப்புளியின் பின்பக்கத்தால் பலகையைத் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்பார். எங்கே இறுக்கம், எங்கே இளக்கம் என்று அந்தச் சத்தம் சொல்லிவிடுமாம். "தட்டிப் பார்த்தாத் தெரிஞ்சிடும்" என்பது அவருடைய வாய்ச்சொல். படகுக்கும் அதுதான், ஆளுக்கும் அதுதான். புதிதாக வந்த பாதிரியார் எப்படி என்று கேட்டபோதுகூட, "இன்னும் தட்டிப் பார்க்கலை" என்றார்.

சுனில்டா செப்டம்பரில் விதைத்தாள். புயலுக்குப் பிறகு கரையொதுங்கிய கடற்பாசியைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து, அதன்மேல் கிழங்கு நட்டாள். ஜனவரியில், நல்ல வெயில் நாளில், கீரைப் பாத்தியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் பறித்துப் போட்ட கீரை வாடக்கூட இல்லை. விதைத்தவளைப் புதைத்தாகிவிட்டது, விதைத்தது மட்டும் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. பட்டாணி காய்த்தது, அவரை முற்றியது, பூண்டு தலையைத் தொங்கப் போட்டது. தோட்டத்துக்கு இழவு தெரியுமா என்ன?

ஆகவே ரோசமெல் உள்ளே போக வேண்டியதாயிற்று. போனவருக்கு ஒன்றும் புரியவில்லை. காரட்டுக்கு நடுவே கொத்தமல்லி, கோஸுக்கு நடுவே சாமந்தி, எங்கேயும் நேர்கோடு கிடையாது. களைக்கொட்டு அவர் கைக்கு வசப்படவில்லை. கடைசியில் தன் கலப்பத்து உளியையே எடுத்துக்கொண்டு போனார். காரட்டைச் சுற்றி நாலு பக்கமும் உளியை இறக்கி, மண்ணைத் தளர்த்தி, ஆணி பிடுங்குகிற மாதிரி அலுங்காமல் எடுப்பார். ஒரு வேர்நுனி முறிந்ததில்லை. எங்கள் மண்ணுக்கு ஒத்துவராத பூசணியைக்கூட அவள் கைராசி நாலு காய் காய்க்க வைத்திருந்தது. அவற்றை அறுப்பதற்கு முன் கொட்டாப்புளியால் தட்டிக் கேட்டார். வேலியோரம் போனவர்கள் சிரித்தார்கள். "சிரிங்க, சிரிங்க. இது இன்னும் ஈரம். ஒரு வாரம் கிடக்கட்டும்" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

சமையல் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தோட்டத்தில் அன்றைக்கு எது அகப்பட்டதோ அது எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு, புகையில் உலர்த்திய சிப்பி ஒரு பிடி சேர்த்து, விறகடுப்பில் ஏற்றிவிடுவார். உப்பு எப்போதும் கூடுதல். சாப்பிடும்போது பேசமாட்டார், வானொலியை அணைத்துவிடுவார். தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் கதவைத் தட்டுவதில்லை. அவளுடைய பட்டாணி இன்றோடு தீர்ந்தது, அவளுடைய அவரை இன்றோடு தீர்ந்தது என்று ஒவ்வொன்றாக அவர் வழியனுப்பிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும். அவர் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

பூண்டைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பூசணியில் இரண்டைக் கோயிலுக்குக் கொடுத்தார். கருமித்தனம் அவரிடம் கிடையாது. ஆனால் கறுப்புக் கிழங்கின் கடைசி வரிசையை மட்டும் யாரையும் தொடவிடவில்லை, தானும் தொடவில்லை.

எங்கள் தீவில் உருளைக்கிழங்கு ஆயிரம் தினுசு. சுனில்டாவின் வீட்டுத் தினுசு விரல் நீளத்துக்குக் கோணல்மாணலாக, தோல் கரியாக, உள்ளே ஊதாவாக இருக்கும். வேகவைத்தால் தண்ணீர் நீலம் பாரிக்கும். தாய்வீட்டிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த விதை அது. மூன்று வரிசை போட்டிருந்தாள். ஏப்ரலில் இரண்டு வரிசையை ரோசமெல் தோண்டினார். தோண்டியதை எல்லா வீட்டிலும் பிரிக்கிற மாதிரிதான் பிரித்தார்: தேறியது பானைக்கு, பொடிக்கிழங்கு பன்றிக்கு. மூன்றாவது வரிசை வந்தபோது உளியைத் துடைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். மே மாதம் பிறந்தது. தழை கருகிச் சாய்ந்தது. தோட்டத்தில் நாலு கோஸ்தண்டும் அந்த வரிசையும் தவிர வேறெதுவும் மிச்சமில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவள் ஒர்ஃபெலினா சிகுவாய். அவள் மகனுக்கு ஞானப்பெற்றோர் ரோசமெலும் சுனில்டாவும்தான். அந்த உறவில் அவரை அவள் 'கொம்பாத்ரே' என்பாள், அவர் அவளைக் 'கொமாத்ரே' என்பார். சுனில்டாவுக்கு உயிர்த்தோழி. குரல் கொஞ்சம் பெரிசு, மனசும் அப்படித்தான். நாளுக்கு ஒரு தடவையாவது வேலியில் கையூன்றி நின்று ஆரம்பித்துவிடுவாள்.

"கொம்பாத்ரே, அந்த வரிசை என்ன காட்சிக்கா? மழை இறங்கிட்டா அழுகிப்போகும். நான் வந்து கிளறிக் குடுக்கட்டுமா?"

"வேண்டாம் கொமாத்ரே. நான் பார்த்துக்கிறேன்."

"எப்போ? எனக்குப் பேரன் பிறந்ததுக்கு அப்புறமா?"

"கடைசியா அவ கையால போட்டது அதுதான். அதை நான் ஒருநாள் உட்கார்ந்து, நிதானமா, தனியாச் சாப்பிடணும். அந்த நாள் இன்னும் வரலை."

ஒர்ஃபெலினா போய்விடுவாள். மறுநாள் வந்து மறுபடியும் கேட்பாள்.

முதல் பனி விழுந்த காலை அது. ரோசமெலின் பன்றியை எந்த நாளில் அறுக்கலாம், எத்தனை பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று பார்த்துச் சொல்வதற்காக ஒர்ஃபெலினா வந்தாள். அதுவும் சுனில்டா இருந்தால் அவள் பார்த்திருக்கிற வேலை. பன்றி நன்றாகக் கொழுத்திருந்தது. அதன் முதுகைத் தட்டிக்கொண்டே தீனித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொட்டியின் மூலையில், பன்றி மென்று துப்பியதில், கறுப்புத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொம்பாத்ரே, கறுப்புக் கிழங்குல பொடியை எங்க வச்சீங்க?"

"எங்க வைக்கிறது? பொடி பன்றிக்குத்தானே. நேத்தோட தீர்ந்துபோச்சு."

"எல்லாமுமா?"

"எல்லாம்தான். ஏன்?"

ஒர்ஃபெலினா தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி மனுஷா" என்றாள். குரலே எழும்பவில்லை, அந்தப் பெரிய குரலுக்கு என்ன ஆயிற்றென்று அவருக்குப் பயமாகிவிட்டது. "மத்த கிழங்குக்குத்தான் பொடி பன்றிக்கு. கறுப்புக்குப் பொடிதான் விதை. பெரிசு பரண்ல தாங்காது, உள்ளேயே கூடு விழுந்துடும். அவ பொடியைத்தானே ஒண்ணொண்ணாப் பொறுக்கி மேல ஏத்துவா! நாப்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தீங்க, இதுகூடத் தெரியாதா?"

"விதை பெண்கள் வேலை" என்றார் ரோசமெல். சொன்னபிறகு அது எவ்வளவு அற்பமாகக் கேட்கிறது என்று அவருக்கே உறைத்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "உங்ககிட்ட இருக்குமே? உங்களுக்கு அவ வருஷா வருஷம் குடுத்தாளே?"

"குடுத்தா. போன வருஷம் நோய் விழுந்து என்னோடது முழுக்கக் கருகிப்போச்சு. வர்ற செப்டம்பர்ல அவகிட்டதான் மறுபடியும் வாங்கறதா இருந்தேன். தெற்குக் கரையிலயும் அதே நோய்தான். யார்கிட்ட போய்க் கேக்குறது?" அவள் பன்றியைப் பார்த்தாள். "இனி இதைத்தான் நடணும்."

வேறு ஒருநாள் என்றால் இருவரும் சிரித்திருப்பார்கள். பன்றி மட்டும்தான் எதுவும் நடக்காததுபோல உறுமிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இருவர் பார்வையும் ஒரே இடத்துக்குப் போயிற்று. பனி படிந்து வெளுத்துக் கிடந்த அந்தக் கடைசி வரிசைக்கு. ஒர்ஃபெலினா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சால்வையை இறுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வற்றத்துக்கு ரோசமெல் வேலைக்குப் போகவில்லை. கரையில் படகைச் சாய்த்துப் போட்டுக் காத்திருந்தவன் கத்திப் பார்த்துவிட்டு, ஏற்றம் வந்ததும் படகை இழுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கடுத்த வற்றத்துக்கும் போகவில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்து, மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஆறிப்போகும்; மறுபடி சுடவைப்பார்; மறுபடி ஆறும். அவர் மனதுக்குள் ஓடியது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. அவள் கையால் மண்ணில் வைத்தது இந்த உலகத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது. அதை ஒரு வாய் சாப்பிட வேண்டும். அந்த ஒரு ஆசையைத்தான் இலையுதிர்காலம் முழுக்க அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். இப்போது அதையும் விட வேண்டும். விடாவிட்டால், தாய்வீட்டிலிருந்து அவள் மடியில் கட்டிக்கொண்டு வந்தது அவர் வயிற்றோடு முடிந்துபோகும். பாதி பன்றி வயிற்றில், மீதி தன் வயிற்றில். அழுகை வந்தது, அழுதார். வயதான ஆண்பிள்ளை தனியாக அழுகிற சத்தம் கேட்க நன்றாக இருக்காது. ஒர்ஃபெலினாவுக்கு அது வேலி தாண்டிக் கேட்டது.

சனிக்கிழமை காலை அவள் வீட்டு வாசலில் ஒரு செருமல். கதவைத் திறந்தால் ரோசமெல், சவரம் செய்துகொண்டு, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"கொமாத்ரே, அந்த வரிசையைத் தோண்டணும். நீங்க கூட நிக்கணும். எது விதை, எது இல்லைன்னு எனக்குத் தெரியாது."

அவள் கூடையை எடுத்துக்கொண்டாள்.

படலுக்கு முன்னால் அவர் செருமினார், காத்திருந்தார், அவிழ்த்தார். முழங்காலிட்டு, உளியால் முதல் செடியைச் சுற்றி மண்ணைத் தளர்த்தினார். மண் சில்லென்று கறுத்து, இன்னும் மக்காத கடற்பாசியின் நாற்றத்தோடு உதிர்ந்தது. உள்ளே கையை விட்டுத் துழாவிக் கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்து, சட்டையில் துடைத்து, கூடையில் போட்டார். போடவில்லை, வைத்தார். ஒர்ஃபெலினா ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த வரிசைல எந்தக் கிழங்கும் தடிக்கலை. பாசி பத்தலை போல. நல்லதாப் போச்சு, எல்லாமே விதைக்கு ஆகும்."

"எல்லாமேவா?"

"அப்புறம்? ரெண்டு வீட்டுக்கும் போட்டாத்தான் தப்பிக்கும். ஒரு வீட்டுல நோய் விழுந்தா இன்னொரு வீடு. ஒண்ணுகூட அடுப்புக்குப் போகாது கொம்பாத்ரே, இப்பவே சொல்லிட்டேன்."

அவர் இன்னும் இரண்டு செடி தோண்டினார். பிறகு, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "முளைக்கண்ணை மட்டும் கொஞ்சம் சதையோட வெட்டி வச்சுக்கிட்டா? மீதியை…"

"வெட்டின கண்ணு செப்டம்பர் வரைக்கும் தாங்குமா? இது என்ன படகுப் பலகையா, பாதி அறுத்து எடுத்து வைக்க? காயம் பட்டது ஒண்ணு கிடந்தா, சுத்தி இருக்கிறதையும் அழுக வச்சிடும். காயம் பட்டதை மட்டும் தின்னுடணும், வேற வழி கிடையாது. அவளும் அப்படித்தான் செய்வா."

சொல்லிவிட்டு அவள் அடுத்த கிழங்கைத் திருப்பிப் பார்த்தாள். அதில் காயம் இல்லை. அதற்கு முன்னால் வந்ததிலும் இல்லை. எங்கே இருந்து வரும்? ரோசமெலின் உளி மண்ணுக்குள் கிழங்கு இருக்கிற இடத்தைத் தெரிந்துகொண்டு ஒதுங்கி ஒதுங்கி இறங்கிக்கொண்டிருந்தது. வரிசை நெடுக, தோல்கூட உரியவில்லை. மழை தூற ஆரம்பித்தது. கூடை பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறைந்தது. கடைசிச் செடி மட்டும் நின்றது, கருகிய தண்டோடு.

அதன் முன்னால் ரோசமெல் கொஞ்சம் அதிக நேரம் முழங்காலிட்டிருந்தார். தண்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். விரல்களால் மண்ணை விலக்கினார். ஒரு கிழங்கின் கறுத்த முதுகு தெரிந்தது. கொட்டாப்புளி கையில் இல்லை, இருந்திருந்தால் தட்டிப் பார்த்திருப்பார். உளியை எடுத்தார். நேராக இறக்கினார்.

நறுக் என்று ஒரு சத்தம் கேட்டது. பச்சைக்கிழங்கு பிளக்கிற சத்தம், யாருக்கும் தெரிந்த சத்தம்.

கிழங்கை மண்ணோடு எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நடுவில் உளியின் அகலத்துக்குப் பிளவு. உள்ளே ஈரமாக ஊதா.

"கை தவறிடுச்சு, கொமாத்ரே."

ஒர்ஃபெலினா கிழங்கைப் பார்த்தாள். உளியைப் பார்த்தாள். தாடையில் மழைத்தண்ணீர் ஒழுக, தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர் போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தவறும் கொம்பாத்ரே" என்றாள். "வயசாகுதில்ல. இந்தக் குளிர்ல யாருக்குத்தான் விரல் நிக்கும்? கொண்டு போய் வேகவைங்க, கெட்டுப்போறதுக்குள்ள."

கூடையை அவளே பரணுக்கு ஏற்றினாள். உலர்ந்த பெரணி இலைமேல் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி, எலி வராமல் மூடிவிட்டு இறங்கி வந்தபோது, அடுப்பில் சின்னப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. சிப்பி இல்லை, கோஸ் இல்லை, வெறும் தண்ணீர், ஒரு கல் உப்பு, அந்த ஒற்றைக் கிழங்கு. ரோசமெல் தட்டில் எடுத்து வைத்து, பிளந்த இடத்திலேயே இரண்டாக்கி, ஒரு பாதியை அவள் பக்கம் தள்ளினார்.

"எனக்கு வேண்டாம். உங்க கைதானே தவறிச்சு" என்று சொல்லி, அவள் கதவைச் சாத்திக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

அவர் தோலோடு சாப்பிட்டார். அவசரப்படவில்லை. ஒரு பாதி முடிந்ததும் கொஞ்சம் ஓய்ந்து, மறு பாதியை எடுத்தார். தட்டில் ஒட்டியிருந்த துணுக்கை விரலால் தொட்டு வாயில் வைத்துக்கொண்டார். பானையின் அடியில் நீலம் பாரித்த தண்ணீர் கொஞ்சம் நின்றது. அதைக் கோப்பையில் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து, தொண்டையை ஒரு தடவை செருமி, ஒரு நொடி காத்திருந்துவிட்டுக் குடித்தார்.